விலைக்கு டிஎம் செய்யவும்

இன்ஸ்டாகிராமில் புடவை விற்கும் பக்கம் ஏதாவது ஒன்றைத் திறந்து பாருங்கள். துணி எது, முந்தானையில் என்ன வேலைப்பாடு, பிளவுஸ் பிட் சேர்ந்து வருமா, எல்லாம் இருக்கும். விலை இருக்காது. அதற்குப் பதில் "விலைக்கு டிஎம் செய்யவும்" என்று ஒரு வரி. கீழே நூறு பேர் "பிரைஸ் ப்ளீஸ்" என்று எழுதியிருப்பார்கள். நூறு பேருக்கும் "டிஎம் பண்ணியாச்சு சிஸ்" என்று பதில் போயிருக்கும். ஒரு கடை முன்னால் நூறு பேர் நின்று என்ன விலை என்று கேட்கிறார்கள், கடைக்காரர் ஒவ்வொருவராகப் பக்கத்துச் சந்துக்குள் கூப்பிட்டுப் போய்க் காதில் சொல்கிறார் என்று கற்பனை செய்துகொண்டால் இதன் விசித்திரம் புரியும்.

சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் பக்கம் வீட்டிலிருந்தே புடவை, கவரிங் நகை, கேக், இட்லி மாவு என்று விற்பவர்கள் தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள். பலர் 2020 ஊரடங்கில் ஆரம்பித்தவர்கள். எனக்குத் தெரிந்த நாலைந்து பேரிடம் ஏன் விலை போடுவதில்லை என்று கேட்டேன். ஒருவர், கமெண்ட் நிறைய வந்தால்தான் இன்ஸ்டா அந்தப் பதிவை இன்னும் நாலு பேருக்குக் காட்டும் என்றார். விலையைப் போட்டுவிட்டால் கமெண்ட் போட ஒருத்தருக்கும் காரணம் இருக்காதே. இன்னொருவர், பக்கத்து ஆள் பார்த்து ஐம்பது ரூபாய் குறைத்துவிடுவார் என்றார். மூன்றாமவர் சொன்னதுதான் என்னை இவ்வளவு தூரம் எழுத வைத்திருக்கிறது. "உள்ள வந்துட்டா பேசலாம்ல? பேசினா ஆள் எப்படின்னு தெரிஞ்சிடும். புரொஃபைல பாத்தாலே தெரியும். வெளிநாட்டுல இருக்கிறவங்களுக்கு ஒரு ரேட்டு, ஸ்கூல் டீச்சருக்கு ஒரு ரேட்டு. இல்லாதவங்களுக்குக் கம்மியாவும் குடுத்திருக்கேன் தெரியுமா?"

தெரியும். பொய் சொல்லும் ஆள் இல்லை அவர்.

கடைக்காரரின் நேர்மை பற்றித் தத்துவத்தில் மிகப் பிரபலமான உதாரணம் இம்மானுவேல் கான்ட் 1785இல் எழுதிய ஒழுக்கவியல் நூலில் வருகிறது. விவரம் தெரியாத ஒருவர் கடைக்கு வருகிறார். கடைக்காரர் அவரிடம் கூடுதல் விலை வாங்கவில்லை. வியாபாரம் நன்றாக நடக்கும் ஊரில் புத்திசாலி வியாபாரி எல்லோருக்கும் ஒரே விலை வைப்பான், ஒரு குழந்தை போனாலும் பெரியவர்களுக்குக் கிடைக்கும் அதே விலைக்கு வாங்கி வரலாம். ஆகவே அவன் நேர்மையாகத்தான் நடந்துகொள்கிறான். ஆனால் கடமை என்று நினைத்துச் செய்தானா, வாடிக்கை கெட்டுவிடும் என்று செய்தானா? லாபத்துக்காகச் செய்திருந்தால் அந்தச் செயல் சரியானதுதான், ஆனால் அதற்குத் தார்மீக மதிப்பு எதுவும் இல்லை என்கிறார் கான்ட்.

கல்லூரியில் எங்களுக்கு இருந்த எத்திக்ஸ் பேப்பரில் இதைப் படித்தபோது மனுஷன் ரொம்பக் கறாரா இருக்காரே என்று தோன்றியது. இப்போது திரும்பப் படித்தால் வேறொன்று கண்ணில் படுகிறது. கடைக்காரன் மனதில் என்ன இருந்தது என்று கான்ட் தலையை உடைத்துக்கொள்ள முடிந்ததே, அவன் வெளியே செய்தது சரி என்பது ஏற்கெனவே உறுதியாகிவிட்டதால்தான். விலை எல்லோருக்கும் தெரியும். குழந்தைக்கும் தெரியும். அந்தத் தரை மேல் நின்றுகொண்டு அவர் மனதைத் துருவுகிறார். டிஎம்மில் அந்தத் தரையே இல்லை. அங்கே மனம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் எனக்கு என்ன விலை, உனக்கு என்ன விலை என்பது நம் இருவருக்கும் தெரியாது.

பேரம் பேசும் ஊரில் எல்லோருக்கும் ஒரே விலை எப்போது இருந்தது என்று கேட்கலாம். நியாயம். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போயிருக்கிறீர்களா? பழைய டிரங்க் ரோட்டில் செடி, பறவை, பழைய மிக்ஸி, கழற்றிப் போட்ட கம்ப்யூட்டர் பாகம், யாருடைய வீட்டிலிருந்தோ வந்த தேக்கு நாற்காலி என்று வெள்ளிக்கிழமை தோறும் பரந்து கிடக்கும். அங்கே எதிலும் விலை எழுதியிருக்காது. ஆனால் ஒரு ரோஜாச் செடிக்கு உங்களுக்கு முன்னால் நிற்கும் அம்மா எவ்வளவில் தொடங்கி எவ்வளவில் முடித்தார் என்பது உங்கள் காதில் விழும். அதிலிருந்து நீங்கள் தொடங்குவீர்கள். அவர் கொடுத்த மூச்சு உங்களுக்கும் பயன்படுகிறது. சந்தையின் பேரம் சத்தமாக நடப்பதில் இப்படி ஒரு நியாயம் இருக்கிறது. டிஎம்மில் நூறு பேர் பேரம் பேசினாலும் ஒருத்தர் பேரம் இன்னொருத்தருக்கு உதவாது. நகைக்கடைகளின் சேதாரமும் செய்கூலியும் இதே மாதிரி புகைமூட்டமாக இருந்த இடத்தில்தான் லலிதா ஜுவல்லரி கிரண்குமார் விளம்பரத்தில் தானே வந்து, விலையைப் போட்டோ எடுத்துக்கொண்டு மற்ற கடைகளில் போய் ஒப்பிட்டுப் பாருங்கள் என்று சொல்லிப் பிரபலமானார். அவருக்கு அதில் லாபம் இல்லாமல் இருக்குமா? கான்ட் மதிப்பெண் போட மாட்டார். எனக்கு அந்த மதிப்பெண் பற்றிக் கவலை இல்லை.

இல்லாதவர்களுக்குக் குறைத்துக் கொடுப்பது? இதுதான் கஷ்டமான இடம். புடவைக்காரர் சொன்னதில் கருணை இருக்கிறது. ஆனால் அந்தக் கருணையைப் பெற நான் முதலில் என் இல்லாமையை அவர் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். என் டிபி, என் ஊர், என் இங்கிலீஷ் எல்லாம் அதற்குச் சாட்சி. பழைய வண்ணாரப்பேட்டையில் 2018 டிசம்பரில் மறைந்த டாக்டர் ஜெயச்சந்திரனை ஊர் '5 ரூபாய் டாக்டர்' என்றே சொன்னது. அந்தப் பெயரே ஒரு விலைப்பலகை. படியேறுகிறவர் எவ்வளவு கேட்பாரோ என்று பயப்பட வேண்டியதில்லை. பலகையில் எழுதிய கருணைக்கும் காதில் சொல்லும் கருணைக்கும் இந்த வித்தியாசம் இருக்கிறது. இரண்டாவதில் நன்றிக்கடன் சேர்ந்து வருகிறது.

*

இந்தப் பக்கத்துக்கும் 'வாடிக்கையாளர் உறவு' என்ற சொல்லுக்கும் ஒரு வேடிக்கையான தொடர்பு உண்டு. தாம்பரத்திலிருந்து ஜிஎஸ்டி ரோட்டில் தெற்கே போனால் கூடுவாஞ்சேரியில் ஸோஹோ. அந்த நிறுவனம் அட்வெண்ட்நெட் என்ற பெயரில் இருந்தபோது, 2005இல், தன் சிஆர்எம் மென்பொருளை வெளியிட்டது. சிஆர்எம் என்றால் வாடிக்கையாளர் உறவு மேலாண்மை. ஓஎம்ஆர் பக்கம் போனால் பெருங்குடியில் ஃப்ரெஷ்வொர்க்ஸ். ஸோஹோவிலிருந்து வெளியே வந்த கிரீஷ் மாத்ருபூதம் 2010இல் நண்பருடன் தொடங்கியது. 2021 செப்டம்பரில் நாஸ்டாக் பங்குச்சந்தைக்குப் போனது. எங்கோ ஓஹையோவில் ஒரு பல் டாக்டர் தன் பேஷண்டிடம் "எப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்பதற்கான நினைவூட்டலை, வண்டலூர் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு ஆபீஸ் வந்த ஒரு பையன் எழுதியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. நானும் இதே துறையில்தான் குப்பை கொட்டுகிறேன். எந்த கம்பெனி என்பது இங்கே வேண்டாம்.

ஃப்ரெஷ்வொர்க்ஸ் உருவான கதையை கிரீஷ் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அமெரிக்காவிலிருந்து சென்னைக்குக் குடிபெயர்ந்தபோது கப்பலில் வந்த டிவி உடைந்துவிட்டது. இன்சூரன்ஸ் பணத்துக்காக மாதக்கணக்கில் போனும் மெயிலுமாக அலைந்தார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அமெரிக்காவிலிருந்து திரும்புகிற இந்தியர்கள் கூடும் ஓர் இணையதளத்தில் நடந்ததை எழுதினார். பணம் வந்துவிட்டது. அவர் தொடங்கிய மென்பொருளின் ஆரம்ப வசதிகளில் ஒன்று, ட்விட்டரிலும் ஃபேஸ்புக்கிலும் வரும் புகார்களைப் பிடித்து 'டிக்கெட்' ஆக்கி ஊழியர் முன்னால் வைப்பது. 2009இல் டேவ் கரோல் என்ற கனடா நாட்டுப் பாடகர், தன் கிட்டாரை உடைத்த யுனைடெட் விமான நிறுவனத்தைப் பற்றி ஒரு பாட்டே எழுதி யூடியூபில் போட்டதும் இதே ரகம்தான். தனியாகச் சொன்னால் காது கேட்காத நிறுவனம், நாலு பேர் முன்னால் சொன்னால் எழுந்து நிற்கிறது.

கவனித்தால், இங்கே விலை விஷயத்துக்கு நேர் எதிராக நடக்கிறது. விலையைத் தனியே சொல்ல விரும்பும் கடை, மன்னிப்பை எல்லோர் முன்னாலும் கேட்கிறது. "உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம், டிஎம்மில் உங்கள் எண்ணைப் பகிரவும்." மன்னிப்பு வெளியே, பிரச்சினை உள்ளே. எதைத் திண்ணையில் வைப்பது, எதை உள்ளறைக்குக் கொண்டுபோவது என்ற முடிவு எப்போதும் கடைக்காரர் கையில். கிரீஷின் கதையில் அந்த முடிவை வாடிக்கையாளர் எடுத்துக்கொண்டார். அதனால்தான் அது வேலை செய்தது.

'உறவு' என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் 'வாடிக்கை' என்றால் வழக்கம். ஆங்கிலத்தில் 'கஸ்டமர்' என்ற சொல்லும் வழக்கம் என்பதிலிருந்து வந்ததுதான். இரண்டு மொழியும் அடக்கமாகத்தான் இருந்தன: வழக்கமாக வருகிறவர், அவ்வளவே. அதற்குப் பக்கத்தில் 'உறவை'க் கொண்டுவந்து உட்கார வைத்தது நிர்வாகவியல். ஆனால் இதற்காக கலிபோர்னியாக்காரர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. நம் தெருமுனைக் கடைக்குப் பெயரே அண்ணாச்சி கடை. ஓர் உறவுமுறைதான் அங்கே கடையின் பெயர். "வாங்கக்கா", "என்னம்மா பாக்குறீங்க", "தம்பி, உள்ள வாப்பா" என்று சண்முகம் ரோட்டில் பத்தடி நடப்பதற்குள் நமக்கு ஏழெட்டு உறவினர்கள் முளைத்துவிடுவார்கள். யாரும் ஏமாறுவதில்லை. அக்கா என்று கூப்பிட்டவன் தம்பி இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

அப்படியானால் "ஹாய் அக்கா, உங்களை ரொம்ப மிஸ் பண்றோம்!" என்று ஒரு துணிக்கடையிலிருந்து மெசேஜ் வரும்போது மட்டும் ஏன் உடம்பு கூசுகிறது?

உறவு போலி என்பதால் இல்லை. சண்முகம் ரோட்டு உறவும் போலிதான். பல நாள் யோசித்ததில் எனக்குத் தோன்றியது இது: அங்கே "என்னக்கா, ரொம்ப நாளா ஆளையே காணோம்" என்று கேட்டால், கேட்டவன் முன்னால் நிற்கிறான். "மாமியாருக்கு ஆபரேஷன்பா" என்று சொன்னால் அவன் அதைக் கேட்டாக வேண்டும். வியாபாரம் போனாலும் இரண்டு நிமிஷம் நின்று "இப்ப எப்படி இருக்காங்க" என்று கேட்டாக வேண்டும். கேள்வி கேட்டவனுக்குப் பதிலால் ஒரு செலவு உண்டு. கேள்வி என்பது ஒருவகையில் வாக்குறுதி. நீ சொன்னால் நான் கேட்பேன் என்ற வாக்குறுதி. மெசேஜில் வரும் "எப்படி இருக்கீங்க"வுக்குப் பின்னால் அந்த வாக்குறுதியைக் காப்பாற்ற ஆள் கிடையாது. எங்கள் தொழிலில் இதற்கு 'வின்பேக்' என்று பெயர். 60 நாள் வாங்காதவர் பட்டியல், இரட்டை அடைப்புக்குறிக்குள் பெயருக்கான இடம், அனுப்பு. மாமியார் ஆபரேஷன் என்று ஒருவர் பதில் எழுதினால் "நன்றி! எங்கள் புதிய கலெக்‌ஷனைப் பார்க்க 1ஐ அழுத்தவும்" என்று போகும். இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆகவே மனதில் அன்பு இருந்ததா என்று கான்ட் மாதிரி துருவ வேண்டாம், பதில் வந்தால் படிக்க ஆள் இருக்கிறதா என்று பார்த்தால் போதும் என்பது என் கட்சி. பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் புகழும்போது வாங்குவதை அதிகமாக வாங்க மாட்டார்கள், கொடுப்பதைக் குறைத்துக் கொடுக்க மாட்டார்கள் என்கிறது. வருகிறவர்களை அவர்கள் நேசித்தார்களா என்ற பேச்சே அங்கே இல்லை. அளவு சரியாக இருந்தால் நேசம் அவர்கள் சொந்த விஷயம்.

வாட்ஸப்பிடம் இதற்கு ஒரு விதி இருக்கிறது, சுவாரசியமானது. பெரிய வியாபாரங்கள் பயன்படுத்தும் தளத்தில், வாடிக்கையாளர் ஒரு மெசேஜ் அனுப்பினால் அடுத்த 24 மணி நேரம் கடை எதை வேண்டுமானாலும் எழுதலாம். அதற்குப் பிறகு, வாட்ஸப் முன்கூட்டியே ஒப்புதல் கொடுத்த வாசகத்தை மட்டும்தான் அனுப்பலாம். விளம்பர வாசகம் என்றால் கட்டணம் உண்டு, இந்தியாவில் ஒரு மெசேஜுக்கு ஒரு ரூபாய்க்கும் குறைவு. தொல்லை தடுக்கவும் துட்டு பார்க்கவும் ஒரே கல். ஆனால் இந்த விதிக்குள் ஒரு தத்துவம் ஒளிந்திருக்கிறது: ஒரு பேச்சு 24 மணி நேரம் உயிரோடு இருக்கும், பிறகு அதை எழுப்ப அனுமதி வேண்டும். நம் ஊரில் 24 வருஷம் பேசாதவர்கள் கல்யாணப் பந்தியில் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள். ஸ்கீமாவில் அதற்கு எந்த காலம் போடுவது?

*

செம்பாக்கத்தில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா இட்லி மாவும் பருப்புப் பொடியும் விற்கிறார். வாட்ஸப் பிஸினஸ் ஆப்தான் அவர் கடை. 2018 ஜனவரியில் வந்த இலவச ஆப். அதில் வாடிக்கையாளர்களுக்கு லேபிள் ஒட்டலாம். ஆப்பிலேயே 'புது வாடிக்கையாளர்', 'பணம் பாக்கி' என்றெல்லாம் தயாராக இருக்கும். அக்கா அவற்றை மாற்றி வைத்திருந்தார். ஃபோனை வாங்கிப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. 'புளிப்பு வேணும்', 'புளிப்பு ஆகாது', 'மாடி ஏறணும்', 'நாய் இருக்கு', 'சண்டை போட்டவங்க', 'தனியா இருக்காங்க'.

கடைசி லேபிளைக் காட்டி இது என்ன என்றேன். தனியாக இருக்கும் வயசானவர்கள், பதினொரு பேர், பிள்ளைகள் வெளிநாட்டில். அதில் ஓர் அம்மா இரண்டு வாரம் மாவு கேட்கவில்லை. அக்கா போன் பண்ணியிருக்கிறார். குளியலறையில் விழுந்து இடுப்பில் அடி, குரோம்பேட்டையில் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். இதுவரை கேட்டதும் எனக்கு நெகிழ்ச்சி கிளம்பியது. அக்கா அதை உட்கார விடவில்லை. "பாசம்னெல்லாம் எழுதிடாத. 340 ரூபா பாக்கி இருந்துச்சு. அதுவும்தான் நெனச்சுட்டு போன் போட்டேன்."

கான்ட் இங்கே என்ன செய்வார் என்று தெரிந்துகொள்ள எனக்கு உண்மையிலேயே ஆசை. பாக்கியையும் பாசத்தையும் தனித்தனிப் பாத்திரத்தில் வடிக்க அக்காவாலேயே முடியாது. ஆனால் அந்த அம்மா போனை எடுத்து, விழுந்துவிட்டேன் என்றதும், 340 ரூபாய் என்ற சொல் அக்கா வாயிலிருந்து வரவில்லை. பதில், கேள்வியை மாற்றிவிட்டது. நோக்கம் கலப்படமாக இருக்கலாம், பதிலுக்கு இடம் கொடுத்தால் அது நடுவழியில் திருந்திக்கொள்ளும். எங்கள் மென்பொருளில் அந்த அம்மா பெயர் 'சர்ன்' என்ற பட்டியலில் இருக்கும். விட்டுப் போனவர்.

இதில் அக்காவின் பக்கமும் ஒன்று உண்டு. எதிர்முனையில் ஆள் இருக்கிறார் என்று தெரிந்துவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு "நாளைக்கு ஒரு கிலோ" என்று அனுப்புகிறோம். 2014இல் வந்த நீல டிக் விழுந்து பதில் வராவிட்டால் கேள்விக்குறி அனுப்புகிறோம். ஸ்டேட்டஸில் மகள் பிறந்தநாள் போட்டிருந்தாரே, மாவு மட்டும் தர முடியாதா என்று கேட்கிறோம். ஆர்லி ஹாக்‌ஷில்ட் 1983இல் 'தி மேனேஜ்ட் ஹார்ட்' நூலில் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து, சிரிப்பதும் ஓர் உழைப்பு என்று காட்டினார். விமானப் பணிப்பெண் தரையிறங்கியதும் முகத்தைக் கழுவிக்கொள்ளலாம். அக்காவின் விமானம் இறங்குவதே இல்லை. அவர் கடையும் வீடும் ஒரே ஃபோனில் இருக்கிறது. உறவு வேண்டும் என்று கேட்கும் நாம், உறவுக்காரர் தூங்குவார் என்பதை மறந்துவிடுகிறோம்.

விமர்சனம் போட்டால் பத்து சதவீதத் தள்ளுபடி என்று பில்லோடு க்யூஆர் கோட் நீட்டும் ஹோட்டல்களைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. அது பழைய பொய்ச்சாட்சி. அரசுக்கும் தெரியும். 2022 நவம்பரில் இணைய விமர்சனங்களுக்கென்றே ஐஎஸ் 19000 என்ற தரநிலை வந்தது. 2023 ஜனவரியில், காசு வாங்கிக்கொண்டு பரிந்துரைப்பவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்ற வழிகாட்டுதலும் வந்தது. பொய் என்று எல்லோருக்கும் தெரிந்த பொய்யைப் பிடிக்கச் சட்டம் போதும்.

எனக்குத் தூக்கம் கெடுவது வேறொன்றில். பதிலைப் படிக்க ஆள் வேண்டும் என்று சொன்னேனே, அந்த ஆளையும் இப்போது செய்துகொண்டிருக்கிறோம். மாமியாருக்கு ஆபரேஷன் என்று எழுதினால், 1ஐ அழுத்தச் சொல்லாமல், "ஐயோ, இப்போ எப்படி இருக்காங்க? நீங்களும் உடம்பைப் பாத்துக்கோங்க" என்று தமிழில், அந்த 'ஐயோ'வோடு, இரண்டு விநாடியில் எழுதும் மொழி மாதிரிகள் வந்துவிட்டன. புடவைக்காரரையும் அக்காவையும்விட அவை பொறுமைசாலிகள். பதினொன்றே முக்காலுக்கும் சிரிக்கும். அக்காவின் தூக்கத்துக்கு அது நல்லது. ஆனால் பதிலுக்கு ஒரு செலவு இருக்க வேண்டும் என்று நான் சொன்னது அங்கே செல்லாது. யாருக்கும் எதுவும் செலவாகாமலே பதில் கேட்கப்பட்டுவிடுகிறது. கேட்கப்பட்டதா என்பதுதான் கேள்வி. "அப்படியானால் மாவை நானே மாடிக்குக் கொண்டுவந்து தருகிறேன்" என்று அந்த மாதிரி சொல்லலாம். மாடி ஏற அக்காதான் போக வேண்டும். அவர் சொல்லாத வாக்கை அவர் கால் காப்பாற்ற வேண்டும்.

அக்காவிடம் இதைப் பற்றி விளக்கியபோது தத்துவத்தில் அவருக்கு ஆர்வம் இருக்கவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வரும் மெசேஜுக்கு "கடை மூடியாச்சு, காலைல பாக்குறேன்" என்று தானாகப் பதில் போக வழி உண்டா என்று கேட்டார். ஆப்பிலேயே உண்டு. 'அவே மெசேஜ்' என்று இருக்கும், வாசகத்தை எழுதி நேரத்தைக் குறித்தால் போதும். செய்து கொடுத்தேன். யாருக்கெல்லாம் போக வேண்டும் என்று கீழே ஆப் கேட்டது. 'எல்லோருக்கும்', 'இவர்களைத் தவிர எல்லோருக்கும்' என்று விருப்பங்கள். இரண்டாவதைத் தொட்டு, லேபிளைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்தப் பதினொரு பேரையும் ஒவ்வொருவராகத் தேடித் தேர்ந்தெடுத்தார். 'சண்டை போட்டவங்க' லேபிளிலிருந்தும் ஒருவரைச் சேர்த்தார். ஏன் என்று கேட்டதற்கு, "அவரு ராத்திரிலதான் சண்டை போடுவாரு, பாவம், தூக்கம் வராது" என்றார்.